பழைய சாமான் விற்கப் போகிறீர்களா? முதலில் புளியைத் தள்ளி வையுங்கள்

இடம்பெயரும்போது அம்மம்மா கிணற்றடியில் புதைத்த ட்ரங்குப் பெட்டியை மீள்குடியேறி வந்தபிறகுதான் தோண்டி எடுத்தோம். பாக்குவெட்டி, வெற்றிலைத் தட்டம், சுருக்குப் பையில் கொஞ்சம் காசு. அதில் சிலவற்றை இணையத்தில் விற்றேன். கணக்குத் திறப்பதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதை விடுகிறேன்.

1. துலக்காதீர்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். பையில் 1957 புத்த ஜயந்தி நினைவு ஐந்து ரூபாய் வெள்ளிக் காசு ஒன்று கறுத்துப்போய்க் கிடந்தது. பற்பொடி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிப் படம் போட்டேன். கொழும்பிலிருந்து கதைத்தவர் பார்த்த உடனேயே, "தேய்த்திருக்கிறீர்கள்" என்று பாதி விலைக்கு இறங்கிவிட்டார். வெள்ளியில் பல வருடமாகப் படிந்த கறுப்பைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்; தேய்த்த கீறல் திரும்ப மறையாது. பித்தளைக்கும் இதே கதை. நமக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்காவிட்டால் கை துருதுருக்கும், தெரியும். மண்ணை மட்டும் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள், போதும்.

2. நிறுங்கள். அந்த ஐந்து ரூபாய் 92.5 சதவீத வெள்ளி, 28.28 கிராம். தராசில் வைத்து எண் தெரியப் படம் எடுத்தால், போலியா என்ற கேள்வி பாதி குறையும். சிங்கர் தையல் மெசின் என்றால் தொடர் இலக்கத்தைப் படம் எடுங்கள். அதை வைத்தே எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை என்று கண்டுபிடிப்பார்கள்.

3. படம். காலை வெயில் ஏறமுதல், விறாந்தையில், வெறும் சாக்கின்மேல். பிளாஷ் வேண்டவே வேண்டாம். வெடிப்பு, நெளிவு இருந்தால் அதைத்தான் கிட்டவாக எடுக்க வேண்டும்.

4. விலை. மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், கேட்பதற்குக் காசா? இபேயில் 'விற்றுமுடிந்தவை' என்று வடிகட்டிப் பாருங்கள். சதுர ஐந்து சதம், அலையோர இரண்டு சதமெல்லாம் ஊர் நிறைய இருக்கிறது. தனித்தனியாகப் போடாமல் ஒரு கட்டாக விற்றுவிடுங்கள்.

5. எங்கே? பாரமான பித்தளைக்கு இக்மன் என்ற உள்ளூர் விளம்பரத் தளம்தான் என் தெரிவு, ஆள் நேரில் வந்து தூக்கிப் போவார். காசுக்குப் பேஸ்புக் சேகரிப்போர் குழுக்கள். கூரியரில் அனுப்பினால் பணம் வங்கியில் விழுந்த பிறகே பொதி கட்டுங்கள். வங்கிச் செய்தியில் வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: குளக்கட்டில் மண் வெட்டும்போது அகப்பட்ட காசை விற்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. இலங்கையின் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருட்கள். மண்ணிலிருந்து கிடைத்தால் அவை அரசுக்குரியவை. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அந்தக் காலத்துப் பொருள் வீட்டுச் சொத்தாகவே இருந்தாலும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கனடாவில் இருக்கும் மாமா கேட்டாலும் சரி.