வளவில் எடுத்த பதிவு எதிரொலித்தது: சரிசெய்த விதம்

காரைக்குடிப் பக்கப் பேச்சுத் தமிழின் உயிரொலிகளை அளப்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. முதலில் எடுத்த பதிவுகளைப் பேச்சொலியை அலசும் பிராட் (Praat) மென்பொருளில் திறந்தால், ஃபார்மன்ட் கோடுகள் (உயிரொலியை அடையாளம் காட்டும் ஒத்ததிர்வு அலைவெண்கள்) சிதறியே கிடந்தன. கோளாறு மென்பொருளில் இல்லை, பதிவு எடுத்த வளவில்தான் (செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி). ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்பும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழும். பதிவில் ஒருமுறை ஏறிய எதிரொலியைப் பிறகு முழுதாக நீக்க வழி இல்லை.

அதனால் பேச வரும் ஆச்சிகளைச் சிறிய உள்ளறையில் உட்கார வைப்பதே நல்லது. தரையில் ஜமுக்காளம், பேசுபவருக்கு எதிரே சுவரோரம் பஞ்சு மெத்தை. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். புழுக்கம் தாங்காது, ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு இடைவெளி. மைக் வாயிலிருந்து 15 செ.மீ. தூரத்தில், மூச்சு நேராகப் படாதபடி சற்றுப் பக்கவாட்டில்.

கோப்பு வேவ் வடிவம், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 எம்பி. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பேசி வாங்காதீர்கள்: அது ஒலியைச் சுருக்கிவிடும்.

பிராட்டில் ஃபார்மன்ட் உச்சவரம்பு பெண்களுக்கு 5,500, ஆண்களுக்கு 5,000 ஹெர்ட்ஸ். ஆண் குரலுக்கு 5,500-ஐ மாற்ற மறந்தால் தாழ்ந்த அலைவெண் பகுதியில் ஃபார்மன்ட் விடுபட்டுப் போகலாம். உயிரொலியின் நடுப்புள்ளியில் அளக்கவும். ஒவ்வொரு சொல்லையும் ஐந்து முறை சொல்லச் சொல்லுங்கள். கடைசி முறை குரல் இறங்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.