ஈயக் குண்டு தேடி வயலில் இறங்குவது எப்படி

முதல் தடவை நாங்கள் நாலு பேர் மெட்டல் டிடெக்டரோடு ஓர் இங்கிலாந்து வயலில் இறங்கியபோது பதினொரு ஈயக் குண்டு கிடைத்தது. பதினொன்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தோம். பதிவு செய்யப் போன இடத்தில் "எது எங்கே கிடந்தது?" என்று கேட்டார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

1642 முதல் 1651 வரை நடந்த உள்நாட்டுப் போரின் துப்பாக்கிக் குண்டுகள் இந்த நாட்டு வயல்களில் ஏராளம், விற்கப் போனால் ஒரு காபிக் காசுகூடத் தேறாது. அது எந்தப் பக்கம், எந்தக் குண்டுக்கு அருகில் கிடந்தது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. 1485-இல் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்ட் செத்து விழுந்த பாஸ்வொர்த் போர்க்களத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பியன் குன்றில்தான் சண்டை நடந்தது என்று ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2005-இல் தொடங்கி டிடெக்டர் வைத்து வரிசை வரிசையாகத் தேடிய ஆய்வுக் குழுவுக்கு ஈயக் குண்டுகளும், ரிச்சர்டின் சின்னமான பன்றி பொறித்த ஒரு சின்ன வெள்ளிப் பதக்கமும் சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தன. போர்க்களமே இடம் மாறிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் அனுமதி. இங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, பொது நடைபாதை போகிறது என்பதற்காக அதன் ஓரத்தில் தோண்ட முடியாது. கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள், பின்னால் மனஸ்தாபம் வராது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே 1979 சட்டப்படி குற்றம், அவற்றைப் பட்டியலிட்டிருக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விழுந்த போர் விமானத்தின் துண்டுகள் கண்ணில் பட்டால் அப்படியே நிறுத்துங்கள், 1986 சட்டப்படி பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் அதில் கைவைக்கக் கூடாது. நாஸ்பி, எட்ஜ்ஹில் மாதிரி பெயர்பெற்ற களங்களுக்கு ஓடாதீர்கள், அவை ஆய்வாளர்களுக்கானவை. படைகள் நடந்துபோன பாதை, தங்கிய ஊரோரம், பழைய வரைபடத்தில் 'ரைபிள் ரேஞ்ச்' (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) என்று குறித்திருக்கிற இடம், இவையே போதும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் அந்தப் பழைய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரு ராத்திரி உட்கார்ந்தால் விடிந்ததே தெரியாது.

அறுப்பு முடிந்து தாள் நிற்கும் வயலும், உழுது மழை பெய்து படிந்த வயலும் தோது. நண்பர்கள் ஆளுக்கொரு மூலைக்கு ஓடாமல் இரண்டு மீட்டர் இடைவெளியில் நூல் பிடித்தமாதிரி வரிசையாக நடக்க வேண்டும். ரொம்ப நெருங்கினால் ஒருத்தர் கருவி இன்னொருத்தர் கருவியோடு சண்டை போட்டுக் கீச்சுக்கீச்சென்று கத்தும், அலைவரிசையைக் கொஞ்சம் மாற்றினால் அடங்கிவிடும். கருவியின் நுனியிலிருக்கும் வட்டத் தட்டைத் (காயில்) தரையை உரசுகிறமாதிரி தாழப் பிடித்து மெதுவாக வீசுங்கள். ஈயம் இரண்டு பக்கமிருந்து வீசினாலும் ஒரே மாதிரி உருண்டையான சத்தம் தரும், துருப்பிடித்த ஆணி ஒரு பக்கம் இனித்து மறுபக்கம் கரகரக்கும். இந்த வித்தியாசம் காதில் ஏற வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஈயத் துண்டையும் ஓர் ஆணியையும் அரை அடி ஆழத்தில் புதைத்துக் கேட்டுப் பழகுங்கள், திரையில் வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

ஏர் புரட்டிய மண்ணோடு நின்றுவிடுங்கள். அதற்குக் கீழே சத்தம் கேட்டால் குழியை மூடிவிட்டுத் தொல்லியல் ஆட்களைக் கூப்பிட வேண்டும், அடிமண் கலையாமல் இருந்தால்தான் அவர்களுக்கு ஏதாவது புரியும். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பை, அதன்மேல் ஃபோன் காட்டும் கிரிட் எண், அதாவது வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிக்கும் எண். எட்டு இலக்கம் எழுதினால் பத்து மீட்டர் துல்லியம், பத்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர். எங்களில் ஒருவர் அன்று முழுக்கக் குறிப்பெழுதுவது மட்டும்தான், முறைவைத்து மாற்றிக்கொள்கிறோம். எனக்கு அது பிடிக்காத முறை, ஆனாலும் செய்கிறேன்.

மஸ்கெட் என்ற பழைய நீளத் துப்பாக்கியின் குண்டு பெரும்பாலும் 18, 19 மில்லிமீட்டர் விட்டமும் 35 கிராமுக்கு மேல் எடையும் இருக்கும், பிஸ்டல் குண்டு அதைவிடச் சின்னது. நடுவில் ஓடும் மெல்லிய வரி அச்சு சேர்ந்த இடம். ஒரு பக்கம் தட்டையாக நசுங்கியிருந்தால் எதிலோ போய் மோதியிருக்கிறது. பல் பதிந்த குண்டு கிடைத்தால் 'காயத்தை அறுக்கும்போது சிப்பாய் கடித்தது' என்று யாராவது கதை விடுவார்கள், பெரும்பாலும் அது பன்றி மென்றது. மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சைத் தேய்த்து எடுக்காதீர்கள், தண்ணீரில் மெதுவாக அலசினால் போதும். அப்புறம் கையைக் கழுவிவிட்டுச் சாண்ட்விச்சைத் தொடுங்கள், ஈயம் விஷம்.

இரண்டாம் உலகப் போர்க் காலச் சரக்கு வேறு ரகம். வெடித்துத் தீர்ந்த பித்தளைக் கூடு என்றால் அடிப்பாகத்தில் ஊசி குத்திய பள்ளமும், பல சமயம் 43 மாதிரி வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். குண்டு கழலாமல் பள்ளமும் இல்லாமல் இருந்தால் உயிருள்ள தோட்டா, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் சட்டச் சிக்கல். அதைவிட மோசமானது 1940-களில் உள்ளூர்க் காவல் படையினர் புதைத்துவிட்டுப் போன பாஸ்பரஸ் பாட்டில்கள். கண்ணாடி டிடெக்டரில் விழாது, சோடா மூடி மாதிரி ஒரு தகர மூடி மட்டும் 'குப்பை' என்று சத்தம் தரும். உடைந்தால் காற்றுப் பட்டதும் தானாகவே தீப்பிடிக்கும்.

ஒரு நாள் வேலியோரத்தில் உருண்டையாக, துருவேறி ஏதோ தென்பட்டது. நான் மண்ணைத் தட்டப் போனேன். கிளிநொச்சியில் வளர்ந்த நண்பர் பின்னாலிருந்து "அண்ணை, கையை எடுங்கோ" என்றார், சத்தம்கூட உயர்த்தவில்லை. கண்ணிவெடிகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் போனவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. குச்சியில் கைக்குட்டையைக் கட்டி அடையாளம் வைத்தோம், வந்த வழியிலேயே திரும்பி நடந்தோம், அவசர எண் 999-ஐக் கூப்பிட்டோம். பிறகு பார்த்தால் அது பழைய கலப்பை உதிரிபாகம்! வந்த போலீஸ்காரர் கோபிக்கவில்லை, இப்படித்தான் கூப்பிட வேண்டும் என்றார்.

ஒற்றைக் காசு தவிர, பொன்னோ வெள்ளியோ 300 வருடத்துக்கு மேல் பழையதாகக் கிடைத்தால் 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றதையெல்லாம் கண்டெடுத்த பழம்பொருள்களைப் பதிவு செய்யும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமின் உள்ளூர் அலுவலரிடம் காட்டுங்கள், பார்த்துப் பதிவு செய்வார், பொருள் உங்களிடமே திரும்பி வரும்.

போகும்போது குழிகளை மிதித்து மூடுங்கள், தோண்டிய தகரம், கம்பி எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், கேட்டைச் சாத்துங்கள். கிடைத்ததை விவசாயிக்குக் காட்டாமல் காரில் ஏறாதீர்கள். எங்கள் விவசாயி ஒரு நசுங்கின குண்டைத்தான் கையில் வைத்து ரொம்ப நேரம் உருட்டிப் பார்த்தார், பிறகு ஆற்றுப் பக்கம் இன்னொரு வயல் இருக்கிறது, அக்டோபரில் வாருங்கள் என்றார்.