பழ வண்டியைத் தூக்கிப் போனால் என்ன செய்வது?

என் மகன் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறான். "1991 ஜூலையில 18 தொழில் தவிர மத்ததுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம்னுட்டாங்கம்மா. அரசு கையை எடுத்தாலே வியாபாரம் தானா ஓடும்" என்பான். ஆலை வைத்திருப்பவருக்கு அது சரி. பஸ் ஸ்டாண்டு ஓரம் கொய்யாவும் பப்பாளியும் விற்கிற எனக்கு லைசென்ஸ் இல்லாததுதான் வினையே. கையில் தாள் இல்லாதவரிடம்தான் மாமூல் கேட்டு வருவார்கள்.

அதனால் முதலில் விற்பனைச் சான்றிதழுக்கு வழி பாருங்கள். சாலையோர வியாபாரிகளுக்கான 2014 சட்டப்படி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடக்க வேண்டும். அது முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. கணக்கெடுக்க வரும் வாரத்தில் ஊருக்குப் போய்விடாதீர்கள். நான் அக்கா மகள் வளைகாப்புக்குப் போனேன், பெயர் விட்டுப்போனது. அப்புறம் மனுவும் கையுமாகப் பல மாதம் அலைந்தேன். வண்டியோடு நின்று, பின்னால் நிரந்தரக் கடை ஒன்றின் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி அவ்வப்போது போட்டோ எடுத்து வையுங்கள். எனக்குக் கடைசியில் உதவியது அதுதான்.

சான்றிதழ் வாங்கும்போது உறுதிமொழி கொடுக்க வேண்டும்: வேறு பிழைப்பு இல்லை, நானோ என் குடும்பத்தாரோதான் நடத்துவோம், வாடகைக்கு விடமாட்டோம் என்று. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மீறினால் சான்றிதழே ரத்தாகலாம்.

நகர விற்பனைக் குழுத் தேர்தல் வந்தால் ஓட்டுப் போடாமல் இருக்காதீர்கள். குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் நம்மைப் போன்ற வியாபாரிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்தத் தெருவில் கடை போடலாம், எங்கே கூடாது என்கிற பேச்சில் நம் ஆளும் இருக்க வேண்டாமா?

தராசுக்குக் கெடு தவறாமல் அரசு முத்திரை போட்டு விடுங்கள். இதில் மட்டும் அரசு தலையிடுவது எனக்குப் பிடிக்கும். முத்திரை இல்லாவிட்டால் எடை குறைத்து விற்பவர் என்னைவிட மலிவாக விற்று என்னைக் காலி செய்துவிடுவார்.

சரி, நகராட்சி ஆட்கள் வண்டியைத் தூக்க வந்துவிட்டார்கள் என்றால்? கத்தாதீர்கள், வண்டியைப் பிடித்து இழுக்காதீர்கள். தெருவில் விற்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கிறது. நியாயமான கட்டுப்பாடு போட அரசுக்கும் உரிமை உண்டு என்றுதான் அதே தீர்ப்பு சொல்கிறது. எனவே இரண்டே கேள்வி கேளுங்கள். இடத்தைக் காலி செய்ய 30 நாள் நோட்டீஸ் எங்கே? எடுக்கிற பொருளுக்குப் பட்டியல் எங்கே? பட்டியலில் அதிகாரி கையெழுத்து இருக்க வேண்டும், ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். கொய்யா எத்தனை கிலோ, தராசு ஒன்று, குடை ஒன்று என்று எல்லாம் எழுதச் சொல்லுங்கள். 'இதர பொருட்கள்' என்று ஒரு வரியில் முடித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பட்டியல் கையில் வந்ததும் நேரே நகராட்சி ஆபீசுக்குப் போய்ப் பொருளைத் திரும்பக் கேட்டு மனு கொடுங்கள். கட்டணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். அழுகும் பொருளைக் கேட்ட அன்றைக்கே தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள்.

முதல் தடவை இதெல்லாம் தெரியாமல் வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் அரைக் கூடை பப்பாளியைக் குப்பையில் கொட்டினேன். இரண்டாவது தடவை மதியமே மனு கொடுத்தேன். இருட்டுவதற்குள் கொய்யா திரும்பி வந்தது, பாதி விலைக்கு விற்றுத் தீர்த்தேன். தராசு வர இரண்டு நாள் ஆனது. அது அழுகாத பொருளாம்.