கிரகண நிழல் ஏன் கிழக்கே ஓடுகிறது? பாடம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 டிசம்பர் 26 காலை ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நமக்குப் பகுதிச் சூரிய கிரகணம்தான் தெரிந்தது. சூரியன் வளையமாகத் தெரியும் வளையக் கிரகணத்தின் பாதை சவூதியில் தொடங்கி ஓமான், தென்னிந்தியா, இலங்கையின் வடக்கு, சிங்கப்பூர் என்று கிழக்கே போனது. சூரியனும் நிலாவும் மேற்கே போக, பூமியில் விழும் நிலாவின் நிழல் மட்டும் எப்படிக் கிழக்கே போகும்? பிள்ளைகள் கேட்கும் அருமையான கேள்வி இது. பதிலில்தான் பிழை நேர்கிறது.

பெரிய பிழை, பாகையையும் கிலோமீற்றரையும் குழப்புவது. “பூமி கிழக்கே மணிக்கு 15 பாகை சுழல்கிறது, நிலாவும் கிழக்கே அரைப் பாகைதான் நகர்கிறது. அப்போ பூமிதானே முந்தும்?” என்பார்கள். அந்த அரைப் பாகை 384,000 கி.மீ. தொலைவில் உள்ளது, அங்கே அது மணிக்குச் சுமார் 3,400 கி.மீ. சூரிய ஒளி கிட்டத்தட்டச் சமாந்தரமாக வருவதால் நிழலும் அதே வேகத்தில் ஓடும். பூமத்திய ரேகையில் தரை ஓடுவதோ 1,670 கி.மீ.தான். தேயிலை மலையில் மேகநிழல், அதே பக்கம் கொழுந்துக் கூடையோடு நடப்பவரை முந்திக்கொண்டு போகுமே, அப்படித்தான் இதுவும்.

அடுத்தது, பூமி நடுவில் இருக்க மற்றவை அதைச் சுற்றுகின்றன என்னும் புவிமையக் கொள்கைப்படி நிழல் மேற்கே போகும் என்று சொல்லிவிடுவது. போயா (முழுநிலா) கழிந்த இரவுகளில் நிலா நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் பிந்தி மலைக்கு மேலே வருகிறது. பூமி அசையாது என்று வைத்தாலும், மேற்கே போகும் ஓட்டத்தில் சூரியன் நிலாவை முந்துகிறது என்றே பொருள். டோர்ச்சை மேற்குப் பக்கம் நகர்த்தினால் பந்தின் நிழல் கிழக்கே விழும், செய்து காட்டுங்கள். இரண்டு கணக்கிலும் ஒரே விடைதான்.

ஆகவே கிரகணத்தை, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் சூரியமையக் கொள்கைக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. பூமியை நடுவில் வைத்தே பண்டைய வானியலாளர் தொலமி கிரகணம் கணித்தார். ஆரியபட்டரும் பூமியை நடுவில்தான் வைத்தார், ஆனால் அதைச் சுழலவிட்டார். தொலமியின் அமைப்பை உடைத்தது, வெள்ளிக் கோள் கிட்டத்தட்ட முழு வட்டத்திலிருந்து பிறை வரை வடிவம் மாறுவதை 1610இல் கலிலியோ கண்டது. பூமியின் சுழற்சியைக் காட்டியது 1851இல் பிரெஞ்சு அறிஞர் பூக்கோவின் ஊசல். சான்று வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும்.

பூமி சூரியனைச் சுற்றிச் செக்கனுக்கு 30 கி.மீ. ஓடுவதையும் இதில் இழுக்க வேண்டாம். நிலாவும் நம்மோடுதான் வருகிறது.

சரி, பிள்ளைகள் எதைப் பார்க்கலாம்? ஊசித்துளை வழியாகக் கடதாசியில் விழும் பிம்பம் தலைகீழாக இருக்கும், அதைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். நிலா சூரியனின் மேற்கு விளிம்பில் நுழைகிறது. அந்த விளிம்பு காலையில் உச்சிப் பக்கமும் மாலையில் அடிப் பக்கமும் இருக்கும், அதனால் நம் ஊரில் காலைக் கிரகணம் உச்சிப் பக்கத்திலிருந்தும் மாலைக் கிரகணம் அடிப் பக்கத்திலிருந்தும் தொடங்கும்.