அம்பாசடர் பின்னாடி உக்காந்துடுச்சா? எக்ஸ்ட்ரா பட்டை போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

அம்பாசடர் வச்சிருக்கவங்க பாதிப் பேர் கேக்குறது இதுதான், பின்னாடி வண்டி உக்காந்துடுச்சு, பட்டையில (அதாவது பின்னாடி இருக்குற லீஃப் ஸ்பிரிங்ல) இன்னொரு பிளேட் சேத்து போட்டுடலாமானு. அவசரப்படாதீங்க. பின்னாடி தொங்குறது வேற, ஒரு பக்கம் சாயுறது வேற, கியர் போட்டு கிளம்பும்போது கீழ டொக்குனு அடிக்கிறது வேற. எல்லாத்துக்கும் பட்டை மேலயே பழியைப் போட்டு நேரா பட்டறைக்குப் போனா, நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் அவங்களும் செஞ்சு குடுப்பாங்க, அப்புறம் வண்டி உயரமா நிக்கும் ஆனா கட்டை வண்டி மாதிரி தூக்கிப் போடும்.

இந்த வண்டிக்கு அடிப்படை மோரிஸ் ஆக்ஸ்போர்ட் சீரிஸ் 3. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸோட உத்தர்பாரா ஃபேக்டரில 2014 வரைக்கும் எத்தனையோ மாடல் பேர் மாத்தி விட்டாங்க, இன்ஜின் மாறுச்சு, கிரில் மாறுச்சு, ஆனா பின்னாடி லீஃப் ஸ்பிரிங் மட்டும் மாறவே இல்ல. முன்னாடி டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங் வேலை செய்ற இரும்பு ராடு. இதை ஏன் சொல்றேன்னா, பின்பக்க பட்டை வெறும் குலுக்கலைத் தாங்குற வேலையை மட்டும் செய்யல, ஆக்சில் எங்க நிக்கணும்னு பிடிச்சு வைக்கிறதும் அதேதான், வேற ராடு ஆர்ம் எதுவும் கிடையாது. அதனால புஷ் (பட்டையை பாடியோட மாட்டுற இடத்துல இருக்குற ரப்பர்) தேஞ்சாலே வண்டி பின்பக்கம் தானா ஸ்டியரிங் பண்ணும், ஹைவேல லாரியை ஓவர்டேக் பண்ணும்போது பின்னாடி யாரோ லேசா தள்ளி விடுற மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்கல்ல, அது பெரும்பாலும் இதுதான்.

முதல்ல அளவு எடுங்க. சமதளமான தரை, நாலு டயர்லயும் காத்து சரியா இருக்கணும், டிக்கியைக் காலி பண்ணிடுங்க (அதுக்குள்ள கெடக்குற பழைய பேட்டரி, ஸ்பேர் ஜாக்கி, அப்பா காலத்து டூல்ஸ் பெட்டி எல்லாத்தையும்தான்). வண்டியை ரெண்டு மூணு தடவை அமுக்கி விட்டு, கொஞ்சம் முன்னாடி பின்னாடி உருட்டி நிறுத்திட்டு, வீல் நடு சென்டர்ல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளங்க. தரையில இருந்து அளக்காதீங்க, டயர் தேய்மானம் அதுல கலந்துடும். ரெண்டு பக்கத்துக்கும் அரை இஞ்சுக்குள்ள வித்தியாசம்னா இந்த வயசு வண்டிக்கு நான் அதைக் கண்டுக்கவே மாட்டேன், ஏன்னா மட்கார்டே ஒரு தடவையாவது டிங்கரிங் பாத்ததா இருக்கும்.

அதுக்கு மேல சாய்ஞ்சா, சாய்வு முன்னாடி இருந்து வருதா பின்னாடி இருந்து வருதான்னு பிரிச்சுப் பாக்கணும், இதைத்தான் யாரும் செய்றதில்ல. முன்பக்க கிராஸ் மெம்பருக்கு (வண்டிக்குக் கீழ குறுக்க போற இரும்புச் சட்டம்) சரியா நடுவுல ஒரு மரக்கட்டை வச்சு டிராலி ஜாக்கியால முன் வீல் ரெண்டும் தரையை விட்டு லேசா கிளம்புற அளவுக்குத் தூக்குங்க. இப்ப முன்பக்கம் ஒரே புள்ளியில நிக்குது, அதால வண்டியை எந்தப் பக்கமும் சாய்க்க முடியாது. அப்படியும் பின்னாடி அதே சாய்வு இருந்தா குத்தம் பட்டையில. வண்டி நேரா வந்துடுச்சுன்னா பட்டையைத் தொடவே வேணாம், டார்ஷன் பார் அட்ஜஸ்ட்மென்ட்தான் பாக்கணும். இந்த சோதனைக்கு ஜாக்கி மட்டும் போதும், ஆனா கீழ மட்டும் படுக்காதீங்க. (பிரீமியர் பத்மினி காருக்கும் இதே முறை ஒத்து வரும், அதுல முன்னாடி காயில் ஸ்பிரிங், பின்னாடி பட்டைதான்.)

அடுத்து கீழ பாக்கணும், குழி இருக்குற சர்வீஸ் ஸ்டேஷன்னா வசதி. வண்டி வெயிட் வீல் மேல இருக்கட்டும், ஒருத்தர் பின் மட்கார்டைப் பிடிச்சு சைடுல ஆட்டட்டும், நீங்க கீழ இருந்து ஷேக்கிளையும் (பட்டையோட பின் நுனியை பாடியோட சேக்குற, ஆடுற இணைப்பு) முன்பக்க கண்ணு (பட்டை நுனில சுருட்டி விட்ட வளையம்) புஷ்ஷையும் பாருங்க. பாடி ஆடும்போது பட்டை கண்ணு தனியா நகருதுன்னா புஷ் போச்சு. சின்ன கடப்பாரையை கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல விட்டு நெம்பினா இன்னும் தெளிவா தெரியும். நல்ல ரப்பர் கொஞ்சம் அசைஞ்சு திரும்பி வரும், போன ரப்பர்ல இரும்பு இரும்புல இடிக்கிற சத்தமே கேக்கும். கிளம்பும்போது வர்ற டொக்கு சத்தத்துக்கு பட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடி இந்த புஷ்ஷையும், யு போல்ட் (பட்டையை ஆக்சிலோட சேத்துப் பிடிக்கிற போல்ட்) நட்டையும், அப்படியே பிராப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸையும் (யுனிவர்சல் ஜாயின்ட்) ஆட்டிப் பாத்துடுங்க, நிறைய வண்டியில வேலை அங்கயே முடிஞ்சுடும்.

ஷேக்கிள் சாய்வும் கதை சொல்லும். பட்டை வளைவு போய் நேராக ஆக அதோட நீளம் கூடும், ஷேக்கிள் பின்னாடி தள்ளிக்கிட்டுப் போகும். ரெண்டு பக்க ஷேக்கிளும் வேற வேற கோணத்துல நின்னா ஒரு பட்டை மட்டும் தளர்ந்துருக்குன்னு அர்த்தம். அப்புறம் முன் கண்ணு போல்ட்ல இருந்து ஆக்சில் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க, ஒரு பக்கம் கூடுதலா இருந்தா சென்டர் போல்ட் (பட்டை பிளேட் எல்லாத்தையும் நடுவுல கோத்துப் பிடிக்கிற போல்ட்) அறுந்து ஆக்சில் நகந்துருக்கு, வண்டி நண்டு மாதிரி கோணலா ஓடுதுன்னு பின்னாடி வர்றவங்க சொல்றது இதுக்குத்தான்.

இப்ப பட்டை. வயர் பிரஷ் போட்டு தேச்சு மண்ணையும் துருவையும் எடுங்க. விரிசல் எங்க வேணா வரும், ஆனா முதல்ல தேட வேண்டிய இடம் சென்டர் போல்ட் ஓட்டை. அங்க ஓட்டை இருக்குறதால பட்டைக்கு அந்த இடத்துல சதை கம்மி, யு போல்ட் டைட்டா இருக்குற வரைக்கும் அந்த இடம் வளையாது, அதனால தப்பிச்சுக்கும். யு போல்ட் லூஸ் ஆச்சுன்னா வளைய ஆரம்பிக்கும், சீக்கிரமே அங்கயே உடையும். உடைஞ்ச பட்டையை மாத்திட்டு பழைய யு போல்ட்டையே திரும்பப் போட்டா ஏன் மறுபடி உடையுதுன்னு இப்ப புரியுதா. சந்தேகமா இருந்தா பட்டை மேல மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் விட்டு நல்லா துடைச்சுட்டு சாக்பீஸ் பொடி பூசுங்க, விரிசலுக்குள்ள போன எண்ணெய் ஊறி வெளிய வந்து மெல்லிசா ஒரு கோடு போடும்.

கழட்டுறதுன்னா ஒரு சமயத்துல ஒரு பக்கம்தான், அடுத்த பக்க பட்டை ஆக்சிலைப் பிடிச்சுக்கும். முந்தின நாள் ராத்திரியே எல்லா நட்டுலயும் துரு எடுக்குற ஆயில் ஊத்தி வச்சுடுங்க. முன் வீலுக்கு கட்டை போட்டு, பின்பக்க பாடியைத் தூக்கி, பட்டையோட முன் பிராக்கெட்டுக்கு முன்னாடி பாடில பலமான இடமா பாத்து ஸ்டாண்ட் குடுங்க, செங்கல் அடுக்குறது ஹாலோ பிளாக் வைக்கிறது எல்லாம் கூடவே கூடாது, பாரம் ஏறினா சொல்லாம கொள்ளாம நொறுங்கும். வீலைக் கழட்டிட்டு இன்னொரு ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில வச்சு பட்டையில இழுவை இல்லாத நிலைக்குக் கொண்டு வாங்க. ஷாக் அப்சார்பர் லிங்க், யு போல்ட், அப்புறம் ஷேக்கிள், கடைசியா முன் கண்ணு போல்ட். ஆக்சிலை ரொம்ப கீழ இறக்கிடாதீங்க, பிரேக் ஹோஸ் இழுத்துக்கும்.

வெளிய வந்த பட்டையை பிரிக்கும்போது மூஞ்சியைக் கிட்ட வைக்காதீங்க. சென்டர் போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்கிட்டுத்தான் போல்ட்டைக் கழட்டணும், அப்புறம் கிளாம்பை கொஞ்சம் கொஞ்சமா விடணும். அதுக்கு முன்னாடியே கட்டோட (எல்லா பிளேட்டும் சேந்த முழு பட்டை) ரெண்டு கண்ணுக்கும் நடுவுல நூல் கட்டி, நூல்ல இருந்து மெயின் பட்டை வரைக்கும் எவ்வளவு வளைவுன்னு குறிச்சுக்கோங்க, ரெண்டு பக்க கட்டையும் ஒப்பிட அந்த அளவுதான் வேணும். பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு உரசி நுனியில பள்ளம் விழுந்திருந்தா, தடவிப் பாத்தா நகம் தட்டும், அந்த பிளேட்டை வீசிடுங்க.

வளைவு மட்டும் போயிருந்து விரிசல் இல்லன்னா பட்டறைல கேம்பர் (அதாவது அந்த வளைவை) ஏத்தலாம். இங்க ஒரு விஷயத்துல கறாரா இருங்க. குளிர்ச்சியாவே பட்டடையில வச்சு தட்டி வளைக்கிறது ஓரளவு தாங்கும், கொஞ்ச நாள்ல மறுபடி இறங்கலாம். ஒழுங்கான முறைன்னா பட்டை முழுசையும் உலையில 900 டிகிரி கிட்ட சூடாக்கி வளைச்சு, எண்ணெயில முக்கி, திரும்ப கம்மி சூட்டுல டெம்பர் பண்ணணும். கேஸ் டார்ச்சை ஒரு இடத்துல மட்டும் காட்டி சிவக்க வச்சு வளைச்சுக் குடுத்தா அந்த இடத்துல ஸ்பிரிங் குணமே போயிடும், வெல்டிங்கும் அதே கதைதான். எக்ஸ்ட்ரா பிளேட் விஷயமும் இதுலயே வருது, தளர்ந்த கட்டுல புது பிளேட் சேத்தா புதுசு மட்டும் பாரம் தாங்கும், வண்டி கட்டையாகும். ஏற்கனவே டாக்சியா ஓடின வண்டின்னா யாரோ ஒரு பிளேட் சேத்து வச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு, ரெண்டு பக்கமும் எண்ணிப் பாருங்க. புதுசு வாங்குறதா இருந்தா ஜோடியா வாங்குங்க, சென்னைல இருக்கவங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜி.பி. ரோடு இருக்கு, புதுப்பேட்டைல பழசும் கிடைக்கும், ஆனா பழைய பட்டைக்கு நான் காசு குடுக்க மாட்டேன், அது எவ்வளவு ஓடிக் களைச்சதுன்னு யாருக்கும் தெரியாது.

திரும்ப மாட்டும்போது பட்டைகளுக்கு நடுவுல கிராஃபைட் கிரீஸ் மெல்லிசா தடவுங்க. பழைய இன்ஜின் ஆயிலை மேல அடிச்சு விடுற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு, சத்தம் நிக்கும்தான், கூடவே ரப்பர் புஷ்ஷும் ஊறிப் போகும், மண்ணும் ஒட்டிக்கும். சென்டர் போல்ட், யு போல்ட், புஷ் மூணும் புதுசா போடுங்க. யு போல்ட் நட்டு நாலையும் குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. கண்ணு போல்ட்டையும் ஷேக்கிள் நட்டையும் கையால ஏத்தி விட்டா போதும், வண்டியை தரையில இறக்கி வெயிட் ஏறின அப்புறம்தான் ஃபுல் டைட் பண்ணணும், தொங்கும்போதே டைட் பண்ணினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழிஞ்சுடும்.

புது பட்டை முதல்ல கொஞ்சம் உயரமா நிக்கும், பயப்படாதீங்க, ஓட ஓட இறங்கி உக்காரும். ஒரு 200, 300 கிலோமீட்டர் ஓட்டிட்டு யு போல்ட்டை மறுபடி டைட் பாருங்க, கண்டிப்பா கால் சுத்தாவது ஏறும். அப்பவே மட்கார்டு அளவையும் எடுத்து சர்வீஸ் நோட்டுல எழுதி வச்சுக்கோங்க.