சங்கத்துக் கையிருப்பு: ஒரு பொருளாளரின் யோசனை

ஆறு வருஷமாக நான்தான் பொருளாளர். எங்கள் சேவைச் சங்கத்தில் 28 பேர்தான். முதல் வேலையாக வங்கியில் இரண்டு கணக்கு திறந்துவிடுங்கள்: சந்தா ஒன்றில், ஊராரிடம் வசூலித்தது இன்னொன்றில். லயன்ஸ் சங்கங்களில் இது விதியே. பொதுமக்கள் தந்த பணத்தில் கூட்டத்துக்கு வடை, காபி வாங்கக் கூடாது. நாங்கள் ஆரம்பத்தில் ஒரே கணக்கில்தான் வைத்திருந்தோம். ஒரு வருஷம் கண் சிகிச்சை முகாமுக்கு எடுத்து வைத்த பணம் பதவியேற்பு விழாப் பந்தலுக்குப் போய்விட்டது. காசோலையில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

கையிருப்பு எவ்வளவு வேண்டும்? மண்டப வாடகை, தபால், தணிக்கை எல்லாம் சேர்த்து மாதம் 4,000 ரூபாய் ஆகிறதென்றால் ஆறு மாதத்துக்கு 24,000. அதை நிரந்தர வைப்பில் போடுங்கள். ஒரே ரசீதாக வேண்டாம், 8,000 வீதம் மூன்றாக. அவசரத்துக்கு ஒன்றை முறித்தாலும் மற்ற இரண்டின் வட்டி தப்பும். அதற்கு மேல் தேங்கினால் செலவு செய்யுங்கள். பூட்டி வைக்கவா நன்கொடை கொடுத்தார்கள்?

காசோலைக்கு இரண்டு கையெழுத்து. தலைவர் வெளியூர் போகிறார் என்று வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் சலுகை வாங்கித் தரும் 80ஜி பதிவு உள்ள சங்கமானாலும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது. ஜிபேயில் கேளுங்கள், ஆனால் உங்கள் சொந்த எண்ணுக்கு அல்ல, சங்கக் கணக்குக்கு.