பின்பால் மேசை வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்பால் என்பது சாய்ந்த மேசையில் உருளும் எஃகு உருண்டையைக் கீழே விழவிடாமல் அடித்து ஆடும் ஆட்டம். அதற்கான மேசை செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் படத்தையும் பொம்மைகளையும் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். விளையாடுகிறவர் மனதில் ஓடுவது வேறு. பந்து கீழே விழுந்து போனதும், அது தன் தப்பா, மேசையின் தப்பா என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். தன் தப்பு என்று பட்டால் மறுபடி ஆடுவார், மேசையின் தப்பு என்று பட்டால் விலகிவிடுவார்.

1947-ல் ஹம்ப்டி டம்ப்டி மேசையில் ஃபிளிப்பர், அதாவது பொத்தானை அழுத்தினால் பந்தை அடிக்கும் சிறு மட்டை, வந்த பிறகுதான் ஆட்டம் கைக்குள் வந்தது. அப்படியும் சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க்கில் 1942-ல் பின்பாலுக்குப் போட்ட தடை, 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற ஆட்டக்காரர் நகர மன்றத்தினர் முன்னால் பந்து எந்த வழியில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்துக் காட்டியபோதுதான் நீங்கியது. குறி வைத்து அடிக்க முடியும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர், அதைக் கெடுக்கிற எதுவும் வடிவமைப்பில் தவறுதான்.

நான் அதிகம் பார்க்கும் தவறு ரேம்ப், அதாவது பந்து ஏறிப் போகும் சாய்வுப் பாதை. பந்து சுமார் 27 மில்லிமீட்டர் விட்டம், 80 கிராம் எடை உள்ள எஃகு உருண்டை. ரேம்பின் வாய் குறுகலாகவோ ஏற்றம் செங்குத்தாகவோ இருந்தால், சரியாக அடித்த பந்தும் முக்கால் தூரம் ஏறி, தயங்கி, அதே வழியில் திரும்பி, சில நேரம் நேராக இரண்டு ஃபிளிப்பருக்கும் நடுவே இறங்கிவிடும். நன்றாக அடித்தவருக்குத் தண்டனை! நல்ல ரேம்ப் பந்தை மேலே சுற்றவிட்டு இன்லேன் என்ற ஓரப் பாதை வழியாக ஃபிளிப்பரிடம் கொண்டுவந்து கொடுக்கும். அது உருண்டு வரும்போதே அடுத்த ரேம்ப் கண்ணில் பட வேண்டும், கை அதை அடிக்க வேண்டும், அது மறுபக்கம் இறங்க வேண்டும். இப்படி மூன்று நான்கு அடி தொடர்ந்து விழுந்துவிட்டால் ஆள் அந்த மேசையை விட்டு நகர மாட்டார்.

அடுத்தது, மேசையின் நடுவில் ஃபிளிப்பரைப் பார்த்தபடி இலக்கு வைப்பது. பட்ட பந்து நேராக வடிகாலுக்கு, அதாவது ஃபிளிப்பர்களுக்கு நடுவே பந்து விழுந்து போகும் இடைவெளிக்குத்தான் திரும்பும். கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன்: 1995-ல் வந்த அட்டாக் ஃப்ரம் மார்ஸ் மேசையில் பறக்கும் தட்டும் அதன் முன்னால் மூன்று இலக்குகளும் நட்டநடுவில்தான் இருக்கின்றன. ஆனால் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, தட்டை வீழ்த்தினால் பரிசும் பெரிது, அதனால் தெரிந்தே துணிகிறார்கள்.

பந்தைத் தொடாத பொம்மையும் வீண்தான். 1992-ன் ஆடம்ஸ் ஃபேமிலி மேசையில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து காந்தத்தால் பந்தை எடுத்துக்கொண்டு போகும். அந்த மேசை 20,000-க்கும் மேல் விற்றது, அதற்கு இந்தக் கை மட்டும் காரணமில்லைதான், ஆனால் ஒரு முறை பார்த்தவர் யாரும் அதை மறப்பதில்லை.

விதிகள் ஆழமாக இருக்கட்டும், ஆனால் முதல் பந்திலேயே எதை அடிப்பது என்று புரிய வேண்டும். மெடீவல் மேட்னஸ் மேசையில் நடுவில் ஒரு கோட்டை: அடித்தால் பாலம் இறங்கும், அப்புறம் கதவு, அப்புறம் கோட்டையே தகரும். யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவுட்லேனை, அதாவது பந்து ஃபிளிப்பருக்கு வராமல் வெளியே போய்விடும் ஓரப் பாதையை, ரொம்ப அகலமாக விடாதீர்கள், திறப்பைக் கூட்டிக் குறைக்கும்படி அதன் வாயில் உள்ள கம்பத்துக்கு இரண்டு மூன்று துளை வையுங்கள். மேசையை அதிகம் ஆட்டினால் ஆட்டத்தை நிறுத்தும் டில்ட்டை ரொம்ப இறுக்காதீர்கள், மேசையை லேசாகத் தட்டிப் பந்தைக் காப்பாற்றுவதும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

சரி, இதையெல்லாம் எப்போது சோதிப்பது? படம் அச்சிடுவதற்கு முன்பே, வெறும் மரப்பலகையில் ஃபிளிப்பரையும் ரேம்பையும் மட்டும் பொருத்தி மற்றவர்களை ஆடவிடுங்கள். அந்த நிலையில் ரேம்பை ஒரு விரற்கடை நகர்த்த நான்கு திருகுகளைக் கழற்றினால் போதும். ஓவியமும் ஒயரிங்கும் முடிந்த பிறகு அதை நகர்த்த யாருக்கும் மனசு வராது.